நூறு எபிசோடு ஓடும் போலீஸ் தொடரில் நாயகரை என்ன செய்வது? நான்கு வழிகளும் ஒரு தேர்வும்

நூறு எபிசோடைத் தாண்ட வேண்டும் என்ற கனவோடு குற்றத் தொடர் ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் வழக்குகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யார் கொன்றது, எப்படிச் சிக்குவது, தடயம் எங்கே கிடைப்பது. ஆனால் வழக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த வாரமும் மக்கள் வந்து உட்காருவது அந்த அதிகாரியைப் பார்க்கத்தான். ஆகவே முதல் எபிசோடை எழுதுவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த ஆள் ஏழாம் வருஷத்தில் எப்படி இருப்பார்? அதே ஆளாகவா, வளர்ந்த ஆளாகவா, அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிய ஆளாகவா, அல்லது அவர் போய் அவர் நாற்காலியில் இன்னொருவரா?

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் நல்ல தொடர் எடுக்கலாம். நான்குக்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் தொடங்கி, ஒவ்வொரு சீசனிலும் ரேட்டிங் இழுத்த பக்கம் போகும் தொடர்களில்தான் பாத்திரம் சிதைகிறது. பல வருஷம் கூடவே வந்த ரசிகருக்கு அது உண்மையான வலி. அந்த வலியை மதித்துத்தான் இந்த ஒப்பீடு.

எது முரண், எது முரண் இல்லை

அமெரிக்காவின் 'லா அண்ட் ஆர்டர்' 1990-இல் தொடங்கியது. அதில் லென்னி பிரிஸ்கோ என்ற துப்பறிவாளராக 1992 முதல் 2004 வரை வந்த ஜெர்ரி ஆர்பாக், அதற்கு முந்தைய சீசனில் ஒரு குற்றவாளித் தரப்பு வக்கீலாக வந்துவிட்டுப் போனவர். லெப்டினன்ட் வான் பியூரனாகப் பதினேழு சீசன் நடித்த எபாத்தா மெர்கர்சன், முதல் சீசனில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வந்தார். ஒரே முகம், ஒரே தொடர், இரண்டு மனிதர்கள். ரசிகர்கள் கவனித்தார்கள், சொல்லிச் சிரித்தார்கள், தொடர்ந்து பார்த்தார்கள். பிறந்த தேதி, படித்த கல்லூரி, முதல் மனைவியின் பெயர் போன்றவற்றில் வரும் பிழைகளும் இந்த ரகம்தான். எரிச்சல் தரும், ஆனால் நம்பிக்கையை உடைக்காது.

நம்பிக்கையை உடைப்பது வேறொன்று. நெருக்கடியில் இந்த ஆள் எப்படி முடிவெடுப்பார் என்பதைப் பார்ப்பவர் மெல்லக் கற்றுக்கொள்கிறார். எதற்குப் பொய் சொல்வார், எதற்குச் சொல்ல மாட்டார். யார் முன்னால் குரல் தாழும். எந்த வகைக் குற்றவாளியைப் பார்த்தால் நிதானம் போகும். இது கதையின் வசதிக்காக ஒரு வாரம் மாறினால் போதும், அந்தப் பாத்திரத்தின் மேல் வைத்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

ஜான் மன்ச் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் பெல்சர் அவரை 1993-இல் பால்டிமோரில் நடக்கும் 'ஹோமிசைட்' தொடரில் நடிக்கத் தொடங்கினார். அது 1999-இல் முடிந்ததும் நியூயார்க்கில் நடக்கும் 'ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடருக்கு அப்படியே கொண்டுபோய் 2013 வரை நடித்தார். நடுவில் 'எக்ஸ் ஃபைல்ஸ்', 'தி வயர்' என்று வேறு தொடர்களிலும் அதே மன்ச்சாக எட்டிப் பார்த்தார். ஊர் மாறியது, எழுத்தாளர்கள் மாறினார்கள், தயாரிப்பாளர்கள் மாறினார்கள். அரசாங்கம் சொல்லும் எதையும் நம்பாத அந்தச் சந்தேகப் புத்தியும் கசந்த நகைச்சுவையும் மாறவில்லை. அதனால் அவர் எங்கே வந்தாலும் அவரேதான். நாயகரின் கோட்டும் காரும் இரண்டாம் பட்சம். அவர் யோசிக்கும் விதத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

முதல் வழி: அப்படியே நிறுத்தி வைப்பது

இதன் தலைசிறந்த உதாரணம் 'கொலம்போ'. பீட்டர் ஃபாக் 1968-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அந்த லெப்டினன்ட்டாக வந்தார். கடைசி எபிசோடு 2003-இல். மொத்தம் 69. கசங்கிய மழைக்கோட்டு, சுருட்டு, கதவு வரை போய்த் திரும்பி வந்து கேட்கும் ஒரே ஒரு கேள்வி, ஓயாமல் பேசப்படும் ஆனால் திரையில் ஒருபோதும் வராத மனைவி. அவரும் மனைவியும் கப்பலில் சுற்றுலா போகும் கதையில்கூட அந்த அம்மாள் நம் கண்ணில் படமாட்டார்.

ஏன் இது முப்பத்தைந்து வருஷம் தாங்கியது? கொலையாளி யார் என்பது நமக்கு முதல் காட்சியிலேயே தெரியும். கொலையும் பதற்றமும் அகம்பாவமும் சரிவும் எல்லாமே கொலையாளியுடையவை. கதையில் மாறுகிறவர் கொலையாளி, மாறாதவர் கொலம்போ. வாரம் ஒரு புது மனிதர் உடைந்துபோவதைப் பார்க்கக் கிடைத்ததால், நாயகர் உடைய வேண்டிய தேவையே வரவில்லை. நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நாயகரை அசையாமல் வைத்தால் எதிராளி அசைய வேண்டும். இருவரும் அசையாத தொடர் மூன்றாம் சீசனில் வெறும் சடங்காகிவிடும்.

இன்னொரு விஷயம். 1968-இன் கொலம்போ கொஞ்சம் நேர்த்தியானவர், கடுமையானவர். 1971-இல் தொடர் தொடங்கியபோது அந்தக் கூர்மை மென்மைக்குள் ஒளிந்துகொண்டது. ஆக, உறைய வைப்பதற்கு முன்னால் பாத்திரம் தன் வடிவத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். முதல் எபிசோடிலேயே எல்லாவற்றையும் பூட்டிவிடாமல் இருப்பது நல்லது.

இந்த வழிக்கு எல்லைகள் உண்டு. கண்ணில் படாத அந்த மனைவியை நாயகியாக்கி 1979-இல் தனித்தொடர் ஒன்றைத் தொடங்கினார்கள்; தலைப்பை மாற்றிப் பார்த்தும் 1980-இலேயே முடிந்துபோனது. மறைத்து வைப்பதால்தான் உயிரோடு இருக்கும் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

ஜெர்மனியின் 'டெரிக்' 1974 முதல் 1998 வரை 281 எபிசோடுகள் ஓடியது. அத்தனையையும் எழுதியவர் ஒரே ஆள், ஹெர்பர்ட் ரைனெக்கர். பாத்திரம் வழுக்காமல் இருக்க இதைவிட உறுதியான காவல் இல்லை. ஆனால் எத்தனை பேருக்கு அப்படி ஒரு உழைப்பு சாத்தியம்? நம் நாட்டின் 'சிஐடி' 1998-இல் தொடங்கி 2018 வரை ஓடி, 2024 டிசம்பரில் அதே பிரத்யுமன், அபிஜித், தயாவோடு திரும்பியது. கதவை உடைக்கும் தயா இருபது வருஷம் கழித்தும் கதவை உடைப்பார் என்ற நிச்சயம்தான் அந்தத் தொடரின் பலம். எந்த எபிசோடையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம். நடுவில் சேர்கிறவருக்குப் பழைய கதை எதுவும் தெரிய வேண்டாம். தினசரி மறு ஒளிபரப்புக்கு இதுபோல் வசதியான அமைப்பு வேறில்லை.

ஆனால் இந்த அமைப்பில் நாயகருக்குப் பெரிய துக்கம் எதையும் தர முடியாது. தந்தால் அடுத்த வாரம் அவர் பழையபடி சிரிக்கும்போது பொய்யாகத் தெரியும். அந்த ஆசை வராமல் கட்டுப்படுத்திக்கொள்ள முடிகிற குழுவுக்கு மட்டும்தான் இந்த வழி.

இரண்டாம் வழி: நாற்காலி நிலையானது, ஆள் மாறலாம்

'லா அண்ட் ஆர்டர்' இதைத் திட்டமிட்டே செய்தது. முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி அரசு வழக்கறிஞர்கள். ஒரு மூத்த துப்பறிவாளர், ஒரு இளையவர், ஒரு மேலதிகாரி, ஒரு வழக்கறிஞர், அவருக்கு ஓர் உதவியாளர். இந்த இடங்களில் ஆட்கள் வந்து வந்து போனார்கள். தொடர் 2010 வரை இருபது சீசன் ஓடி நின்று, 2022-இல் மறுபடி வந்தது. இங்கே நிலைத்தன்மை என்பது வேலைமுறையின் நிலைத்தன்மை. வழக்கு வரும், விசாரணை நடக்கும், வாதம் நடக்கும்.

சொந்த வாழ்க்கையை ஓரிரு வரிகளில் மட்டும் சொல்லும் அந்தக் கஞ்சத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிரிஸ்கோ குடியை விட்டவர், விவாகரத்தானவர், மகள்களோடு உறவு சரியில்லாதவர் என்பதெல்லாம் போகிற போக்கில் சிதறிக் கிடக்கும். எட்டாம் சீசன் முடிவில் அவர் மகள் கொல்லப்படும்போது அந்தச் சிதறல்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நெஞ்சில் அறையும். வாரா வாரம் வீட்டுக் காட்சி காட்டியிருந்தால் இந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

இந்த வழியின் உண்மையான லாபம் விபத்துக் காப்பீடு. ஸ்காட்லாந்தின் 'டாகர்ட்' தொடரில் டாகர்ட்டாக நடித்த மார்க் மெக்மானஸ் 1994-இல் இறந்தார். தொடர் அதே பெயரோடு 2010 வரை ஓடியது, டாகர்ட் என்று ஒருவர் இல்லாமலேயே. அவருடைய சகாக்களுக்கு அதற்குள் தனித்தனி முகம் உருவாகியிருந்ததால்தான் அது முடிந்தது. இங்கிலாந்தின் 'மிட்சோமர் மர்டர்ஸ்' 2011-இல் டாம் பார்னபியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய உறவினர் ஜான் பார்னபியைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. பெயர் காப்பாற்றப்பட்டது, ஆள் வேறு என்பதும் ஒளிக்கப்படவில்லை.

ஜெர்மன் மொழியின் 'டாட்டோர்ட்' இதை இன்னும் விரித்தது. 1970 முதல் ஓடும் அந்தத் தொடரில் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் போலீஸ் குழு. ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி வருவார்கள். ஒரு குழு வருஷத்துக்குச் சில தடவைதான் திரையில் வரும் என்பதால் பாத்திரம் தேய்வதில்லை, எழுத்தாளரும் களைப்பதில்லை.

ஒரே பாத்திரத்துக்கு நடிகரை மட்டும் மாற்றுவது என்ற குறுக்குவழியும் உண்டு. 'காக்னி அண்ட் லேசி'யில் காக்னியாக முதலில் தொலைக்காட்சிப் படத்தில் லொரெட்டா ஸ்விட், பிறகு 1982-இல் தொடரின் முதல் ஆறு எபிசோடுகளில் மெக் ஃபாஸ்டர், அதன்பின் ஷாரன் க்லெஸ். மூன்றாமவர்தான் மக்கள் மனதில் நின்றார். ஆறு எபிசோடுக்குள் நடந்ததால் அது செல்லுபடியானது. ஐந்து வருஷம் கழித்து இப்படிச் செய்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

மூன்றாம் வழி: மெல்ல வளர விடுவது

இதுதான் கடினமானது, ஆகவே இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

'என்ஒய்பிடி ப்ளூ' 1993 முதல் 2005 வரை ஓடியது. டெனிஸ் ஃபிரான்ஸ் நடித்த ஆண்டி சிப்போவிச் முதல் எபிசோடில் ஒரு குடிகாரர், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர், கறுப்பின மக்கள் மேல் வெளிப்படையான வெறுப்பு உள்ளவர். பன்னிரண்டு சீசன் கழித்து அதே காவல்நிலையத் துப்பறிவாளர் பிரிவுக்குத் தலைவராக உட்காருகிறார். முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் மட்டும் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நடுவில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தவருக்கு வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது என்று தோன்றும்.

எப்படிச் சாதித்தார்கள்? வெறுப்பு அவரிடமிருந்து ஒரு நல்ல காலையில் மறைந்துவிடவில்லை. அவருடைய மேலதிகாரி ஃபேன்சி ஒரு கறுப்பினத்தவர். இருவருக்கும் நடுவே பல வருஷம் உரசல். சிப்போவிச் மறுபடி மறுபடி வாய் தவறுகிறார், அதற்கு விலை கொடுக்கிறார், அடுத்த தடவை அரை நொடி தாமதித்துப் பேசுகிறார். வளர்ச்சி என்பது அந்த அரை நொடிதான். மூன்றாம் சீசனில் மூத்த மகன் கொல்லப்பட்டதும் மறுபடி குடிக்கிறார். அதைப் பாத்திர முரண் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் குடி அவருக்குள் எங்கே இருக்கிறது என்பது முதல் நாளிலிருந்தே நமக்குத் தெரியும். கூட வேலை பார்த்த துணைவர்கள் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொருவரும் அவருடைய வேறொரு பக்கத்தை வெளியே கொண்டுவந்தார்கள். துணைப் பாத்திரத்தை மாற்றி மையப் பாத்திரத்தை வளர்ப்பது என்ற இந்த உத்தி, நீண்ட தொடர் எழுதுகிற எவருக்கும் பாடம்.

'பிரைம் சஸ்பெக்ட்' வேறு விதம். ஹெலன் மிரனின் ஜேன் டென்னிசன் 1991 முதல் 2006 வரை ஏழே முறைதான் வந்தார். 1996-க்குப் பிறகு 2003 வரை வரவே இல்லை. அந்த ஏழு வருஷ இடைவெளியில் நடிகைக்கு வயதானது போலவே பாத்திரத்துக்கும் வயதாகிவிட்டது. வருகிற ஒவ்வொரு தடவையும் தனிமையும் குடியும் ஒரு படி கூடியிருக்கும். எழுத்தாளர்கள் வளர்ச்சியைத் திரைக்கு வெளியே நடக்க விட்டு, அதன் தழும்புகளை மட்டும் காட்டினார்கள். வருஷத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடு எழுத வேண்டிய தொடருக்கு இந்த ஆடம்பரம் கிடைக்காது.

கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' ஒரு திறந்த புத்தகம். மரிஸ்கா ஹார்கிடேவின் ஒலிவியா பென்சன் 1999 முதல் இருக்கிறார். பாதிக்கப்பட்டவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது என்ற அந்த அடிப்படைக் குணம் இத்தனை வருஷத்திலும் தளரவில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தப் பாத்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் தொடர் திணறுகிறது.

ஒன்று, துன்பங்களின் குவியல். 2013-இல் ஒரு கொடூரனிடம் கடத்தப்பட்டுச் சித்திரவதைப்பட்ட கதை அடுத்தடுத்த எபிசோடுகளில் அவரை உண்மையாகவே பாதித்தது. சிகிச்சைக்குப் போனார், கோபப்பட்டார், நடுங்கினார். நல்லது. ஆனால் நீண்ட தொடர் ஒவ்வொரு சீசன் முடிவிலும் முந்தையதைவிடப் பெரிய அடியைத் தேடுகிறது. ஒரு மனித உடம்பும் மனமும் தாங்கக்கூடிய அளவு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் இரண்டே வழி: பாத்திரம் உடைய வேண்டும், அல்லது அடி வலிக்காதது போல எழுத வேண்டும். உடைந்தால் தொடர் நின்றுவிடும், வலிக்காவிட்டால் பாத்திரம் பொய்யாகிவிடும்.

இரண்டு, பதவி உயர்வு. துப்பறிவாளராகத் தொடங்கியவர் சார்ஜென்ட், லெப்டினன்ட் என்று ஏறி 2019-இல் கேப்டன் ஆகிறார். அது நியாயமான வளர்ச்சி. ஆனால் கேப்டனின் வேலை பெரும்பாலும் மேசையில். மக்கள் பார்க்க வருவதோ விசாரணை அறையில் அவர் சந்தேக நபரின் எதிரே உட்காருவதை. ஆகவே பதவி ஒன்று, செய்யும் வேலை இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. பத்து வருஷத் தொடர் எழுதுகிறவர் முதல் சீசனிலேயே பதவிப் படியைக் கணக்குப் போட்டுவிட வேண்டும். நாயகர் பதவி உயர்வை மறுக்கிறவர், அல்லது ஒழுங்கு நடவடிக்கையில் தடைபட்டவர் என்று குணத்தோடு ஒட்டிய ஒரு காரணத்தை முன்பே விதைத்தால் இந்தச் சிக்கலே வராது.

வளர்ச்சியில் அவசரம் எப்படி நம்பிக்கையைக் கெடுக்கும் என்பதற்கு 'தி வயர்' தொடரின் ஜிம்மி மெக்நல்டியைச் சொல்ல வேண்டும். நான்காம் சீசனில் ரோந்துப் பணிக்குப் போய், குடியைக் குறைத்து, ஒரு குடும்பத்தோடு அமைதியாக இருக்கிறார். ஐந்தாம் சீசனில் கொலை விசாரணைக்குத் திரும்பியதும் குடி திரும்புகிறது. அதோடு, விசாரணைக்குப் பணம் கிடைப்பதற்காக, இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை ஜோடிக்கிறார். இது அவர் குணமே இல்லை என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். நான் பாதி மறுக்கிறேன். மேலதிகாரிகளைவிடத் தானே புத்திசாலி, வழக்குக்காக எதையும் செய்யலாம் என்ற அகந்தை முதல் எபிசோடிலிருந்தே அவரிடம் உண்டு. குறை வேகத்தில் இருக்கிறது. முந்தைய சீசனில் 13 எபிசோடு இருந்தது, கடைசி சீசனில் 10. சறுக்கலைப் படிப்படியாகக் காட்ட இடம் போதவில்லை. சரியான முடிவே என்றாலும் பாதையைக் காட்டாவிட்டால் முரணாகத்தான் தெரியும்.

நான்காம் வழி: முழுக்க மாற்றி, கதையை முடித்துவிடுவது

'தி ஷீல்ட்' முதல் எபிசோடின் கடைசி நிமிஷத்தில் விக் மேக்கி சக போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறார். 2002-இல் நடந்த அந்தக் கொலை 2008-இல் ஏழாம் சீசன் முடியும் வரை, 88 எபிசோடுகளிலும் கதையை விட்டு விலகவில்லை. இறுதியில் சட்டப் பாதுகாப்பு உறுதியானதும் செய்த குற்றங்களை அவர் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு போகும்போது, ஏழு வருஷம் நாம் அவர் பக்கம் நின்றதற்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றி எல்லாம் சரிந்தாலும் அவர் முடிவெடுக்கும் விதம் மட்டும் கடைசி வரை ஒன்றேதான்.

இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, முடிவுத் தேதி. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 'டெக்ஸ்டர்' தொடரின் நாயகன் வெளியே போலீஸ் தடயவியல் நிபுணன், மறைவில் தொடர் கொலைகாரன். நான்காம் சீசன் முடிவில், 2009-இல், அவன் மனைவி கொல்லப்படுகிறாள். அவனுடைய இரட்டை வாழ்க்கைக்கு வந்த விலை அது. கதை அங்கிருந்து அவனைத் தவிர்க்க முடியாத ஒரு இடத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். அந்தச் சீசனோடு தொடரை நடத்தியவர் விலகினார். தொடர் மேலும் நான்கு சீசன் ஓடியது. மாற வேண்டிய ஆளை மாறவிடாமல், நிறுத்தி வைக்கவும் முடியாமல் 2013-இல் மரம் வெட்டுகிறவனாகக் கொண்டுபோய் விட்டார்கள். ரசிகர்களின் ஏமாற்றம் ஆறாமல் கிடந்து, 2021-இல் பழைய நிர்வாகியை வைத்தே இன்னொரு தொடர் எடுக்க வேண்டியதாயிற்று. தேதி குறிக்க உங்கள் சேனலோ தளமோ சம்மதிக்காது என்றால் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

எதைத் தேர்வது

என்னுடைய தேர்வு, இரண்டாம் வழியின் சட்டகத்துக்குள் மூன்றாம் வழி. ஒரு காவல்நிலையம், ஐந்தாறு நாற்காலிகள், அவற்றில் ஆட்கள் மாறலாம். ஆனால் ஒரே ஒருவர் மட்டும் தொடர் முழுக்க மெல்ல வளர்வார். சிப்போவிச்சுக்கு நடந்தது இதுதான். நடிகர் யாராவது விலகினால் தொடர் சாகாது, அதே சமயம் வருஷக்கணக்காகப் பார்ப்பவருக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கும்.

இதில் விதிவிலக்கு உண்டு. ஒவ்வொரு எபிசோடையும் வேறொருவர் எழுதப்போகிறார், எழுத்தாளர்கள் சீசனுக்குச் சீசன் மாறுவார்கள், ஒளிபரப்பு வரிசையும் உங்கள் கையில் இல்லை என்றால் முதல் வழியே நேர்மையானது. ஓரிருவரே முழுவதையும் எழுதுவதாக இருந்தால் தைரியமாக வளர விடலாம். 'எண்டெவர்' தொடரின் 36 எபிசோடுகளையும் ரஸல் லூயிஸ் ஒருவரே எழுதினார். அது 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரின் முன்கதை. மோர்ஸ் முதுமையில் எப்படி இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க, அவருடைய இளமையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இளமையில் அவருக்குத் தகப்பன் போல இருந்த தேர்ஸ்டே என்ற மேலதிகாரியைப் பிற்காலத்தில் அவர் ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் 2023-இல் கடைசி எபிசோடு பதில் வைத்திருந்தது. எழுதுகிறவர் ஒருவராக இருந்ததால்தான் அந்தக் கேள்வி தொலையாமல் இருந்தது.

இப்போது மக்கள் தளங்களில் பார்க்கும் முறையும் இந்தத் தேர்வை மாற்றியிருக்கிறது. முன்பு இரண்டு வருஷ இடைவெளியில் வந்த முரண் இன்று ஒரே வாரத்தில் அடுத்தடுத்துக் கண்ணில் படுகிறது. திங்கட்கிழமை பார்த்த எபிசோடில் சகாவைப் பறிகொடுத்தவர் செவ்வாய்க்கிழமை பார்த்ததில் விசில் அடித்துக்கொண்டு வந்தால் யாருக்கும் பொறுக்காது. மறதியை நம்பி எழுதும் காலம் முடிந்துவிட்டது.

அப்புறம், நினைவை யார் வைத்திருப்பது? பெரும்பாலான குழுக்களிடம் 'சீரிஸ் பைபிள்' என்று ஒரு ஆவணம் இருக்கும். அதில் உயரம், ஊர், குடும்ப மரம் எல்லாம் இருக்கும், தேவைதான். அதோடு ஒரு கடன் நோட்டும் வேண்டும் என்பேன். நாயகருக்கு நடந்த ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும், அது அவரிடம் என்ன மிச்சம் வைத்தது, எத்தனை எபிசோடு வரை அது தெரிய வேண்டும், எந்த மாதிரி வழக்கு வந்தால் மறுபடி தலைகாட்டும் என்று எழுதிவைக்க வேண்டும். சுடப்பட்டவர் ஆறு எபிசோடுக்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எப்படித் திரும்புவார்? அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாவிட்டால் அவரைச் சுட வேண்டாம், வேறு கதை எழுதலாம்.

நடிகரின் வாயையும் அடைக்கக் கூடாது. 1989 முதல் 2013 வரை 70 எபிசோடுகளில் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவாக நடித்த டேவிட் சுசே, அந்தப் பாத்திரத்தின் பழக்கங்களையும் குணங்களையும் 93 குறிப்புகளாக எழுதிக் கையோடு வைத்திருந்தார். இயக்குநர்கள் பலர் வந்துபோன அந்தத் தொடரில் பாய்ரோ வழுக்காமல் இருந்ததற்கு அந்தத் தாள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'இவர் இப்படிப் பேச மாட்டார்' என்று நடிகர் சொன்னால் படப்பிடிப்பு தாமதமானாலும் ஒரு நிமிஷம் கேட்பது நல்லது. எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தோடு ஒரு சீசன் இருந்திருப்பார்; நடிகர் பத்து வருஷம் இருந்திருப்பார்.

ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும் தொடர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்தி வைத்த பாத்திரத்தை வளரும் பாத்திரமாக நடுவில் மாற்றலாம், ஒரு நீண்ட இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டால். 2010-இல் வந்த ஒரு பாய்ரோ கதையில் மத நம்பிக்கையும் சட்டமும் மோதித் தவிக்கும் கனமான பாய்ரோவைக் காட்டினார்கள். இருபது வருஷம் பழகிய முகத்தில் அந்தத் தவிப்பைப் பார்க்கச் சிலருக்குக் கஷ்டமாக இருந்தாலும் எனக்கு அது நியாயமாகவே பட்டது. மறுதிசை மாற்றம் நடக்காது. ஒருமுறை அழுத நாயகரை மறுபடி மழைக்கோட்டுக்குள் ஒளித்து வைக்க முடியாது.

விலகிப்போன பாத்திரத்தைத் திரும்பக் கூப்பிடுவதாக இருந்தால், இல்லாத வருஷங்களுக்குக் கணக்கு வேண்டும். 'ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்'டில் பென்சனோடு பன்னிரண்டு சீசன் கூட வேலை பார்த்த எலியட் ஸ்டேப்லர் 2011-இல் ஒரு விடைபெறும் காட்சிகூட இல்லாமல் காணாமல் போனார். நடிகர் விலகியதால் வந்த நெருக்கடி அது. 2021-இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது எழுத்தாளர்கள் அந்தப் பத்து வருஷத்தை மூடி மறைக்கவில்லை. சொல்லாமல் போனாயே என்ற பென்சனின் மனத்தாங்கலையே கதையாக்கினார்கள். அந்தக் காட்சிகள் பலித்தன.